நீலச்சீட்டுச் சாப்பாடு

அந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இளையவர்களுக்கு அவள் தராசக்கா, மூத்தவர்களுக்கு வெறும் தராசு. புதிதாக வந்த நர்சு ஒருத்தி, தராசு மேலே வர வேண்டும் என்று போனில் சொல்லப்போக, சமையலறையில் இருந்த அப்பாவி ஒருவர் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறிய கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. சமையலறையின் நடுவே ஒரு நீளமான பட்டை ஓடும். அதன்மேல் டிரேக்கள் நகர்ந்து வரும். ஒவ்வொரு டிரேயிலும் ஒரு சீட்டு. வெள்ளைச் சீட்டு என்றால் சாதாரணச் சாப்பாடு, மஞ்சள் என்றால் உப்பில்லாதது, நீலம் என்றால் சர்க்கரைக்காரர்களுக்கானது. பதினாலு வருடமாக நீலச்சீட்டு அவள் பொறுப்பு. தட்டில் முதலில் விழுவது சோறு, அல்லது அன்றைக்கு முறை வந்தால் உருளைக்கிழங்கு. அதுதான் சர்க்கரைக்காரர்களுக்கு அளந்து போட வேண்டியது. காயும் பருப்பும் அதற்குப் பிறகு, கரண்டிக் கணக்கு.

காலையில் முதல் தட்டை மட்டும் எடை மெஷினில் வைப்பாள். முந்நூற்று எழுபது என்று வரும். அதற்குப் பிறகு கைதான். பட்டை ஓடுகிற வேகத்தில் ஒவ்வொரு தட்டையும் நிறுத்துப் பார்க்க யாருக்கு நேரம்? எந்தத் தட்டை வேண்டுமானாலும் எடுத்து நிறுத்துப் பாருங்கள், முந்நூற்று எழுபது. மிஞ்சிப் போனால் ஒரு கிராம் கூட இருக்கும். பெரிய மனிதர்கள் யாராவது ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க வந்தால் சூப்பர்வைசர் அவர்களைத் தராசின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி ஒரு தட்டை மெஷினில் வைத்துக் காட்டுவார். அவர்கள் ஆச்சரியப்படுவார்கள். தராசு தலையை நிமிர்த்தாமல் அடுத்த தட்டுக்குப் போய்விடுவாள்.

ஊருக்கெல்லாம் அளந்து போட்டவள் தனக்கு மட்டும் அளக்காமல் போட்டுக்கொண்டாள். சமையலறைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது கிடையாது. பட்டை நின்றதும் பாத்திரத்தின் ஓரத்தில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வார்கள். டீக்கு மூன்று கரண்டிச் சர்க்கரை. வெள்ளிக்கிழமை வெள்ளைச் சீட்டுக்காரர்களுக்குக் கேக் உண்டு, வீட்டுக்குப் போய்விட்ட நோயாளிகளின் கேக் மிஞ்சும். மிஞ்சியதை எறிந்தால் பாவம் என்று ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பாவத்தை ஐம்பத்து மூன்று வயதுவரை அவள் வெள்ளிக்கிழமைதோறும் தடுத்து வந்தாள்.

வருடாந்திரப் பரிசோதனையில் ஊழியர்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை ஒன்பது புள்ளி நாலு என்று வந்தது. டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். மாத்திரை எழுதினார். மூன்று மாதம் பார்ப்போம், எட்டுக்குக் கீழே வராவிட்டால் ஊசிதான் என்றார். அவள் சரி என்றாள். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். இல்லை என்றாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது இப்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். பஸ்தான் வந்தது. ஏறிக்கொண்டாள்.

வந்த வியாதியைவிட வந்த யோசனைகள் அதிகம். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கசப்புச் சாறு சொன்னாள். பாத்திரம் கழுவுகிறவர் இரண்டு நாள் பட்டினி கிடக்கச் சொன்னார். தராசு எல்லாருக்கும் தலையாட்டினாள். அவளுக்கு யோசனை எதற்கு? பதினாலு வருடம் தன் கையால் போட்ட சாப்பாடு இருக்கிறது. ஒரு நீலச்சீட்டை எடுத்துவந்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒட்டினாள். வார்டு என்ற இடத்தில் 'வீடு' என்று எழுதினாள். படுக்கை எண்ணை என்ன செய்வது என்று தெரியவில்லை, விட்டுவிட்டாள்.

தட்டும் ஆஸ்பத்திரித் தட்டுதான். நாலு வருடத்துக்கு முன்னால் பழைய பீங்கான் தட்டுகளையெல்லாம் கழித்துக் கட்டிவிட்டு இலேசான பிளாஸ்டிக் தட்டுகளை வாங்கினார்கள். வேண்டும் என்கிறவர்கள் பழையதை ஆளுக்கொன்று எடுத்துப் போகலாம் என்றார்கள். தராசு எடுத்துவந்தது ஓரத்தில் நகக்கண் அளவு உடைந்த ஒன்று. அதில் தினமும் இரண்டு வேளை, நீலச்சீட்டுக்குப் போடுகிற அதே கை அளவு சோறு, இரண்டு கரண்டிக் காய், ஒரு கரண்டிப் பருப்பு, ஒரு முட்டை. காலையில் இரண்டு துண்டு ரொட்டி. டீயில் சர்க்கரை இல்லை. வெள்ளிக்கிழமைக் கேக்கை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள், பாவம் எதுவும் நடக்கவில்லை.

பசித்ததா என்றால், பசித்தது. ஆசை இருந்ததா என்றால், அதைத்தான் சொல்லத் தெரியவில்லை. சோறு வாயில் இருக்கும், மெல்லுவாள், விழுங்குவாள், தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். ருசி எங்கேயோ வெளியூர் போயிருந்தது. ஒருநாள் பருப்பில் உப்புப் போடவே மறந்திருக்கிறாள், பாதிச் சாப்பாட்டில் கணவர் எழுந்து போய் உப்பு எடுத்து வந்தபோதுதான் தெரிந்தது. தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெரிந்தது, ஆனது வேறு யாருக்கோ என்பதுபோலவும் இருந்தது.

கணவர் நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். இருபத்தாறு வருடம் அதே வேலை. டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பது அவருடைய பெருமை. நல்ல மனுஷர், அதில் சந்தேகம் இல்லை. மனைவிக்குத் துணையாக அவரும் சர்க்கரை இல்லாத டீ குடிக்க ஆரம்பித்தார். ஒன்பது நாள் குடித்தார். பத்தாவது நாள் முதல் அவர் தன் டீயை அடுப்படியிலேயே நின்று குடித்துவிட்டு வந்தார். தராசுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது மாதத்தில் மூன்றாவது மாடியில் ஒரு தகராறு. காலில் புண்ணோடு படுத்திருந்த ஒரு தையல்காரர். நீலச்சீட்டு. பத்து நாளாகியும் அவருக்குச் சர்க்கரை இறங்கவில்லை, புண்ணும் ஆறவில்லை. சாப்பாட்டுத் திட்டம் போடுகிற டயட் மேடம் அவருடைய அலமாரியைத் திறந்து பார்த்தார், தலையணையைத் தூக்கிப் பார்த்தார். தினமும் பார்க்க வருகிற அவர் மனைவியின் பையை வார்டு வாசலிலேயே சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியானால் சாப்பாட்டில்தான் ஏதோ கோளாறு என்று தையல்காரர் சொன்னார். சமையலறைக்கு இது மானப் பிரச்சினை. எடை மெஷினே நேரில் மாடி ஏறியது, இந்த முறை இரண்டு காலில்.

தையல்காரர் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், புருஷனைப் பார்க்கவில்லை.

"தட்டுல வர்றதைத் தவிர நான் எதையும் தொடலைம்மா," என்றார் அவர். "சத்தியமா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றாள் தராசு.

கோபமாகச் சொல்லவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை. பட்டையில் வருகிற டிரேக்கு அடுத்த கரண்டி போடுவதுபோல, அந்த இடத்தில் வர வேண்டிய வார்த்தை வந்தது. டயட் மேடம் தலையை ஆட்டினார். அடுத்த வாரம் தையல்காரருக்கு ஒரு கால்விரலை எடுத்தார்கள். ஊசியைத் தினமும் இரண்டு வேளை ஆக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். நீலச்சீட்டில் ஒன்று குறைந்தது. சாயங்காலமே வேறொன்று வந்தது.

மூன்று மாதம் முடிந்தது. ஒரு நாள் தவறவில்லை, ஒரு வாய் கூடவில்லை. தான் தேறிவிடுவோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சந்தோஷமாக இருந்தாளா என்று கேட்கக் கூடாது. கணக்குச் சரியாக வரும் என்று தெரிந்தவர்கள் சந்தோஷப்படுவதில்லை, காத்திருப்பார்கள்.

ஒன்பது புள்ளி ஒன்று.

டாக்டர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். மாத்திரையைத் தவறாமல் போட்டீர்களா என்று கேட்டார். போட்டேன் என்றாள். வெளியே ஏதாவது சாப்பிடுவீர்களா, சமையலறையில் வேலை, கை சும்மா இருக்குமா என்று சிரித்தபடியே கேட்டார்.

"அளவு தாண்டி ஒண்ணும் சாப்பிடலை சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கம்மா," என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே.

அந்த வார்த்தையை எங்கேயோ கேட்ட நினைவு அவளுக்கு. மருந்துக் கவுண்டரில் ஊசிப் பெட்டியை வாங்கி, குளிர் குறையாமல் துண்டில் சுற்றிப் பையில் வைத்தபோது யாருடைய குரலில் கேட்டோம் என்பது ஞாபகம் வந்தது. பையை மூடினாள்.

வீட்டில் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். பஸ்ஸில் சந்தேகம் வந்தால் அவர் சத்தம் போட மாட்டார், பக்கத்தில் வந்து நின்றுகொள்வார், அவ்வளவுதான். இரண்டு நாள் அவள் பக்கத்தில் நின்றார். அலமாரியைத் திறந்தால் வந்தார். குளிர்பெட்டியைத் திறந்தால் வந்தார். மூன்றாவது நாள் ஒரு சின்ன எடை மெஷினோடு வந்தார். மேசையில் வைத்தார், பேட்டரி போட்டார்.

"தப்பா நினைக்காதே. ஒருதடவை பார்த்துடலாம்."

அவள் தப்பாக நினைக்கவில்லை. நல்லதுதான் என்று நினைத்தாள். இன்றைக்கு மனுஷருக்கு உண்மை தெரிந்துவிடும். பதினாலு வருடப் பேர். பழைய பீங்கான் தட்டில் எப்போதும் போடுவதுபோலச் சோற்றைப் போட்டாள். தட்டும் சோறும் சேர்ந்து முந்நூற்று எழுபது வரும், பாருங்கள் என்றாள்.

நானூற்று நாற்பது வந்தது.

கணவர் மெஷினை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் நானூற்று நாற்பது. அவர் முகத்தில் வெற்றி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வருத்தம்தான் இருந்தது. ஆனால் வருத்தத்தோடும் அவர் பரிசோதகராகவே இருந்தார்.

"எழுபது கிராம் டிக்கெட் இல்லாம ஏறியிருக்கு," என்றார்.

"மெஷின் தப்பு."

"சரி," என்றார் அவர். அந்தச் சரியை அவள் இருபத்தாறு வருடமாக அறிவாள். டிக்கெட்டைத் தொலைத்துவிட்டேன் என்கிறவர்களுக்கு அவர் சொல்லுகிற சரி அது.

மறுநாள் பீங்கான் தட்டைத் துண்டில் சுற்றிப் பையில் எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகச் சமையலறைக்குப் போனாள். பட்டை ஓடவில்லை. பெரிய பாத்திரங்களில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும். எடை மெஷின்முன் நின்றாள். வீட்டு மெஷின் எவ்வளவு தப்பு என்று தெரிந்துகொண்டு போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் எண்ணம்.

வெறும் தட்டை வைத்தாள். இருநூற்று ஐம்பது.

சரிதான். அது அவளுக்குத் தெரிந்த எண். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை எழுதியவளே அவள்தான். நீலம், முந்நூற்று எழுபது. தட்டு இருநூற்று ஐம்பது, சோறு நூற்று இருபது. தட்டின் எடையைத் தனியாகக் கழிக்க நேரம் ஏது? தட்டோடு சேர்த்தே எழுதிவிட்டாள். சமையலறையில் எல்லாரும் தட்டோடு சேர்த்துத்தான் பேசுவார்கள், சேர்த்துத்தான் நிறுப்பார்கள். டயட் மேடம் மூன்று பேர் மாறிவிட்டார்கள், அவர்கள் கொடுத்த நூற்று இருபது மாறவே இல்லை.

பக்கத்தில் பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்தாள். எதற்காக எடுத்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை எடுத்தது.

நூற்று எண்பது.

வேறொன்றை வைத்தாள். நூற்று எண்பது. பீங்கானை வைத்தாள். இருநூற்று ஐம்பது. மறுபடி பிளாஸ்டிக். ஐந்தாறு முறை மாற்றி மாற்றி வைத்தாள். எண்களுக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை.

நாலு வருடத்துக்கு முந்தைய அந்த வாரம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. புதுத் தட்டு வந்ததும் மணிக்கட்டு வலி போய்விட்டது என்று எல்லாருக்கும் கொண்டாட்டம். தராசுக்கு மட்டும் ஒரு தொல்லை. கை போதும் என்று நின்ற இடத்தில் மெஷின் முந்நூறுதான் காட்டியது. நமக்கு வயசாகிறது, கை பிசகுகிறது என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். அப்புறமும் கொஞ்சம். ஒரு வாரத்தில் கையைத் திருத்தி முந்நூற்று எழுபதுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சூப்பர்வைசர்கூடப் பாராட்டினார். கை அப்போதே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அவள் கையை நம்பவில்லை, மெஷினை நம்பினாள். மெஷினும் பொய் சொல்லவில்லை. தட்டு மாறியது, பட்டியல் மாறவில்லை, சோறு நூற்று இருபதிலிருந்து நூற்றுத் தொண்ணூறாகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

இது தெரிந்த அன்றைக்குப் பட்டை ஓடியபோது நீலச்சீட்டுத் தட்டுகளுக்குத் தட்டோடு சேர்த்து முந்நூறு போட்டாள். முடிந்ததும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு இரண்டு தட்டையும் மெஷினில் வைத்துக் காட்டினாள். அவர் கெட்டவர் அல்ல, ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. சாமான் அறைக்குள் அவளை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் குடித்தார். யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார்.

"சர்க்கரை ஏற ஆயிரம் காரணம் இருக்கு தராசு," என்றார். "எழுபது கிராம் சோத்தாலதான்னு யாரு சொல்ல முடியும்? இப்போ போய் இதைக் கிளறினா உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. பேசாம பட்டியலை மாத்திடுவோம்."

அன்று சாயங்காலமே பழைய பட்டியலைக் கிழித்துப் புதியதை ஒட்டினார். நீலம், முந்நூறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். இங்கே மறைக்க வேண்டியதே சோறுதான், அதனால் வேலை இன்னும் சுலபமாக முடிந்தது.  சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தராசு உள்ளே தேடிப் பார்த்தாள், பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்பதுபோல இருந்தது. ஒரு வேளைக்கு நாற்பது நீலச்சீட்டு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நாலு வருடம். பெருக்கிப் பார்க்கவில்லை.

நீலச்சீட்டுக்காரர்கள் பெருக்கிப் பார்க்காமலே கண்டுபிடித்தார்கள். சோறு குறைந்துவிட்டது, தராசுக்குக் கை சுருங்கிவிட்டது என்று மூன்று வார்டிலிருந்து புகார் வந்தது. டயட் மேடம் கீழே வந்து ஒரு தட்டை நிறுத்துப் பார்த்துவிட்டு, புதுப் பட்டியலோடு பொருந்தியதால் திருப்தியாகப் போனார்.

வீட்டிலும் அளவு சரியாகிவிட்டது. இப்போது அவள் நூற்று இருபது போட்டாள். கணவர் தினமும் மேசைக்கு முன்னால் நின்று நிறுத்தார். முந்நூற்று எழுபது.

"பார்த்தியா, மனசு வெச்சா முடியுதுல்ல?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். தோளில்கூடக் கை வைத்தார்.

மனசு முன்னாலும் வைத்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். நான் திருடவில்லை என்று சொல்ல வேண்டுமானால் எப்படிக் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் நாற்பது தட்டையும் சொல்ல வேண்டும், சாமான் அறைக் கதவையும் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் திருந்திய திருடியாக இருப்பது சுலபமாக இருந்தது. காலையில் வயிற்றைக் கிள்ளிப் பிடித்து ஊசி போட்டுக்கொண்டாள். வலிக்கும் என்று பயந்தது வீண். வலிக்கக்கூட இல்லை.

இப்படி மூன்று வாரம் போனது. ஒரு புதன்கிழமை ஊசி மருந்து வாங்க மருந்துக் கவுண்டர் வரிசைக்குப் போனாள். புதன்கிழமை புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற நாள், பெஞ்சுகளில் இடம் இருக்காது. மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கால் எதிரே ஒரு ஸ்டூலில். அவர் மனைவி எழுந்து கவுண்டர் பக்கம் போகப் புறப்பட்டவள், நின்றாள். குனிந்து புருஷனின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள். இடது பை, வலது பை. தையல்காரர் கையை இலேசாக உயர்த்திக் கொடுத்தார், பழகிவிட்டவர்போல. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மனைவி போய்விட்டாள்.

தராசு வரிசையைவிட்டு வெளியே வந்தாள். தான் சொல்லப்போவது சாயங்காலத்துக்குள் சூப்பர்வைசர் காதுக்குப் போகும் என்று தெரியும். அதற்குமேல் என்ன ஆகும் என்பதும் ஓரளவு தெரியும். தையல்காரர் முன்னால் போய் நின்று, நீலச்சீட்டுச் சோறு போடுகிறவள் நான்தான் என்றாள். தெரியும் என்றார் அவர். அவள் சொன்னாள். பீங்கான், பிளாஸ்டிக், இருநூற்று ஐம்பது, நூற்று எண்பது, பட்டியல். சுற்றி வளைக்காமல் சொன்னதால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்ன விஷயமா என்று அவளுக்கே இருந்தது.

தையல்காரர் தன் காலைப் பார்த்தார்.

"எத்தனை கிராம்னு சொன்னீங்க?"

"எழுபது. ஒரு வேளைக்கு."

"எங்க வேலையில அரை இஞ்சு தப்பினாலே சட்டை திரும்பி வந்துடும்," என்றார். அதில் சூடு எதுவும் இல்லை. அப்புறம், "இதை அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது," என்றார்.

மனைவி மாத்திரைகளோடு திரும்பி வந்தாள். தராசுக்கு இரண்டாவது தடவை சொல்வது கஷ்டமாக இருந்தது. எண்களை மாற்றிச் சொல்லிவிட்டுத் திருத்தினாள். அன்றைக்கு மாடியில் வைத்து, எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று தான் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்.  அந்த அம்மாள் மாத்திரைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அடி விழும் என்று தராசு நினைத்தாள். விழுந்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க அப்பவே சொன்னீங்க."

"சொன்னேன்."

அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொட்டலத்தை எடுத்து அவருடைய சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டிவிட்டாள். அப்புறம் நிமிர்ந்து தராசை மேலும் கீழும் பார்த்தாள். கையில் இருந்த காலி ஊசிப் பெட்டியைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் சர்க்கரையா?"

"ஆமா."

"இதே சாப்பாடுதான் சாப்பிட்டீங்களா?"

"மூணு மாசம்."

"வீட்ல உங்களை நம்புனாங்களா?"

தராசு வாயைத் திறந்தாள். நம்பினார்கள் என்று சொல்லலாம், ஒரு சொல்தானே. டிக்கெட் இல்லாம ஏறியிருக்கு என்ற குரல் கேட்டது. தினமும் மேசைக்கு முன்னால் ஒரு மனுஷர் குனிந்து எண்ணைப் படிப்பது தெரிந்தது. சட்டைப் பையைத் தடவும்போது தையல்காரர் கையை உயர்த்திக் கொடுத்ததுபோல, அவளும் அந்த மூன்று வாரமும் தட்டை நீட்டிக் கொடுத்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் வராத அழுகை, டாக்டர் அறையில் வராத அழுகை, மருந்து வாசனை அடிக்கிற அந்த வராந்தாவில், முப்பது பேர் பார்க்க வந்தது. அதை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை, அதற்கு அளவு போடுகிற பழக்கமும் இல்லை.

கவுண்டரில் அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. மறுபடி கூப்பிட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார்கள். தையல்காரரின் மனைவி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டாள்.